தராசு வியாபாரியின் எடை

அரசாங்கம் என்னிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளும்போதெல்லாம் என் எடை குறைந்தது. உடம்பு இளைக்கவில்லை. தொப்பை இருந்த இடத்தில் இருந்தது, இரட்டை நாடியும் இருந்த இடத்தில் இருந்தது. எடை மட்டும்தான் போயிற்று. ஓபர்வால்ட் நகரத்து யூதர்கள் சிலருக்கு அந்த வருடங்களில் இப்படி ஆயிற்று. எனக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆயிற்று.

நான் தராசு வியாபாரி, பெயர் ஹூகோ லண்டாவர். ஜெர்மனியில் எங்கள் வட்டாரத்தில் கசாப்புக் கடை முதல் நகைக் கடை வரை என் தராசுதான் தொங்கும். கடைப் பலகையில் 'லண்டாவர் தராசு பொய் சொல்லாது' என்று எழுதி வைத்திருந்தேன். அந்த வாசகத்தை நானே யோசித்தேன் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். வராதவர்களிடம் தெருவில் நிறுத்திச் சொல்வேன்.

காலையில் கடை திறந்ததும் பெரிய மேடைத் தராசில் நானே ஏறி நின்று முள்ளைச் சரிபார்ப்பது வழக்கம். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் எடை மாறியதே இல்லை. தராசைச் சோதிக்க என்னைவிட நம்பகமான எடைக்கல் இந்த நாட்டில் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாட்டுக்கும் அதே அபிப்பிராயம் இருக்கும் என்று வேறு நினைத்தேன்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்த வசந்தத்தில் ஒருநாள், பழுப்புச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் என் கடை வாசலில் நின்று, வந்த வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் காலை தராசில் ஏறினேன். முள் வழக்கமான கோட்டுக்கு வரவில்லை. ஒரு கோழியின் எடை குறைந்தது.

வேறு யாராவது இருந்தால் டாக்டரிடம் போயிருப்பார்கள். நான் எடை அளவு ஆய்வாளர் ஓட்டோ ஹிம்பெலுக்கு ஆள் அனுப்பினேன். வருடா வருடம் எங்கள் ஊர்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிறவர் அவர்தான். மெனக்கெட்டு வந்தார். அரசாங்க எடைக்கற்களைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக மேடையில் வைத்தார். முழங்கால் போட்டு முள்ளைப் பார்த்தார்.

"லண்டாவர் ஐயா, தராசுல ஒரு குறையும் இல்லை. குறை உங்ககிட்டதான்" என்றார்.

"அப்பாடா" என்றேன்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருக்கு ஒரு கிண்ணம் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தேன். புது முத்திரை குத்திவிட்டுப் போனார். வீட்டுக்குப் போய் என் மனைவி செல்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

செல்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஹூகோ, குறைஞ்சது நீ. தராசு நல்லா இருக்குன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு வந்து நிக்கறே."

"தொழில் அப்படி."

"எங்க அண்ணன் தென் அமெரிக்காவுக்கு, மான்டிவிடியோவுக்கு வரச் சொல்லி எழுதியிருக்கான். போயிடலாம்."

"வசந்த முத்திரை முடியட்டும்" என்றேன். வசந்தத்தில்தான் ஊர்த் தராசெல்லாம் பழுது பார்க்க என்னிடம் வரும். அந்த நேரத்தில் கடையைப் போட்டுவிட்டுப் போகிற தராசு வியாபாரி உலகத்திலேயே கிடையாது. அந்த முத்திரை முடிந்தது. அடுத்த வருடமும் வசந்தம் வந்தது. அதற்கடுத்த வருடமும் வந்தது. இந்த விஷயத்தில் வசந்தத்தைக் குறை சொல்ல முடியாது.

குடியுரிமையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு ஆட்டின் எடை போயிற்று. சதுரங்கக் கழகத்திலிருந்து நீக்கினார்கள். நான் அங்கே ஒரு ஆட்டத்தில்கூட ஜெயித்ததில்லை, இருந்தாலும் ஒரு பூசணிக்காய் அளவுக்குக் குறைந்தது. யூதன் என்று தெரியும்படி என் பெயரோடு இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சேர்த்தால் எடை கூடத்தானே வேண்டும் என்று ஆசையோடு தராசில் ஏறினேன். அதற்கும் குறைந்தது. கடைசியில் கடையையே எடுத்துக்கொண்டபோது, திறவுகோலைக் கொடுத்துவிட்டு வாசற்படி இறங்கினேன். கால் தரையில் படவில்லை. ஒரு சாண் உயரத்தில் காலை வீசி வீசி வீடு போய்ச் சேர்ந்தேன். பார்க்க லட்சணமாக இருந்திருக்காது.

செல்மாவின் எடை குறையவே இல்லை. அவளுடைய ரோமக் கோட்டை எடுத்தார்கள், பியானோவை எடுத்தார்கள். பியானோ போன அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜைமேல் விரல்களை ஓட்டி, பாதியில் விட்ட பாடத்தை வாசித்து முடித்தாள். அவள் நடந்தால் தரைப்பலகை முன்பு மாதிரியே முனகியது. நான் அலமாரி அலமாரியாகச் சேர்த்துவைத்த சாமான்களால் ஆன மனிதன் என்பதும், அவள் அப்படி இல்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரு அரசாங்கம் தேவைப்பட்டது.

அவள் என் மேல்கோட்டின் உள்பக்கம் பைகள் தைத்தாள். கடையிலிருந்து மீந்த எடைக்கற்களை அவற்றில் போட்டாள். அதைப் போட்டுக்கொண்டால் மற்ற மனிதர்களைப் போல நடக்க முடிந்தது. வாழ்நாளெல்லாம் எடைக்கல் விற்றவன் அதைக் கட்டிக்கொண்டு நடப்பதில் எனக்கு ஒன்றும் வெட்கமில்லை, விளம்பரம் என்றே எடுத்துக்கொண்டேன். போர் வந்ததும் உலோகச் சாமான்களையெல்லாம் ஒப்படைக்கச் சொன்னார்கள். எடைக்கற்களும் போயின. அன்று மத்தியானம் நான் சாப்பாட்டு அறையின் உட்கூரையில் போய் முட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு செல்மா துணி காயப்போடும் கயிற்றை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு என்னை வெளியே கூட்டிப்போனாள். பூங்கா ஓரத்தில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். யூதர்கள் பூங்கா பெஞ்சில் உட்காரக் கூடாது என்று அப்போது விதி. அண்ணாந்து பார்த்து நெடுநேரம் யோசித்தார்.

"உட்கார்ந்திருக்கீங்களா?"

"இல்லை" என்றேன்.

"நடைபாதையில நிக்கறீங்களா?"

"அதுவும் இல்லை."

"மேல இருக்கறதுக்கு இன்னும் விதி வரலை" என்றார் அவர். "வந்ததும் சொல்றேன். அதுவரைக்கும் மரக்கிளை ஒடியாமப் பார்த்துக்குங்க."

நல்ல மனிதர். விதி வந்ததும் வீடு தேடி வந்து சொன்னார். அதனால் வெளியே போவது நின்றது.

ஒரு நாள் காலை, செல்மா ரொட்டி அறுத்துக்கொண்டிருக்கும்போது இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மழைக்கோட்டுப் போட்டிருந்தார், இன்னொருவர் சீருடை. கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரு பெட்டியோடு கிளம்ப வேண்டும், ரயில் காத்திருக்கிறது என்றார்கள். ரயில் எங்கே போகிறது என்று செல்மா கேட்டாள். கிழக்கே என்றார்கள்.

"அவர் இல்லை" என்றாள்.

தேடினார்கள். கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், துணி அலமாரியில் பார்த்தார்கள், நிலக்கரித் தொட்டியைக் கிளறினார்கள். எடை உள்ளவர்கள் ஒளியக்கூடிய எல்லா இடத்திலும் பார்த்தார்கள். நான் அவர்கள் தலைக்கு மேலே, விளக்குப் பக்கத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். மழைக்கோட்டுக்காரர் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"உட்கூரையில ஓதம் ஏறி உப்பியிருக்கு" என்றார்.

"ஆமாம், ரொம்ப நாளா அப்படித்தான்" என்றாள் செல்மா.

இறங்கி அவளோடு போய்விட வேண்டும் என்று எனக்கு இருந்தது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. இறங்குவதற்கு எடை வேண்டும், என்னிடம் இல்லை. கையால் கூரையைத் தள்ளிப் பார்த்தேன். நான் ஒரு விரற்கடை இறங்கி மறுபடியும் மேலே போய் ஒட்டிக்கொண்டேன். வாயைத் திறந்து கத்தியிருக்கலாம். செல்மா என்னைப் பார்க்கவே இல்லை, ஆனால் தலையை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டினாள். வாயை மூடிக்கொண்டேன்.

"ஜன்னலெல்லாம் சாத்திட்டு வந்துடறேன்" என்று அவர்களிடம் சொன்னாள்.

"திரும்பி வரப்போறதில்லையே அம்மா, எதுக்கு?" என்றார் சீருடைக்காரர்.

"பழக்கம்."

அவர்கள் பொறுமையாக நின்றார்கள். அவள் படுக்கை அறை ஜன்னலைச் சாத்தினாள், சமையலறை ஜன்னலைச் சாத்தினாள், மேலே காற்றுக்காக விட்ட சின்ன ஜன்னலைக்கூட நாற்காலி போட்டு ஏறிச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். நாற்காலியில் நின்றபோது அவள் தலைமுடி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இறங்கும்போது என் கயிற்றின் நுனியைக் கணப்பு அடுப்பின் கால் பக்கம் இழுத்து, துணிக்கயிற்றைச் சரிசெய்கிறவள் போலக் கட்டினாள். இரட்டை முடிச்சு. பிறகு அவர்களோடு போனாள். மாடிப்படி ஒவ்வொன்றும் அவள் எடைக்குக் கிறீச்சிட்டது. கடைசிப் படி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். கனமானவள் போனாள், காலியானவன் தப்பித்தேன்.

அடுத்த வாரம் அந்த வீட்டை ஆய்வாளர் ஹிம்பெலுக்கு ஒதுக்கினார்கள். அவரும் மனைவி கெர்ட்ரூடும் குடிவந்தார்கள். ஹிம்பெல் தொழில் பழக்கத்தால் முள்ளை மட்டும் பார்க்கிறவர், மேலே பார்க்க மாட்டார். கெர்ட்ரூட்தான் ஒட்டடை அடிக்க வந்தபோது என்னைப் பார்த்தாள்.

"ஓட்டோ, மேல ஒரு ஆள் இருக்கார்."

ஹிம்பெல் பார்த்தார். "லண்டாவர்" என்றார். "வீட்டோட என்னென்ன குடுத்தாங்கன்னு எனக்குப் பட்டியல் படிச்சுக் காட்டினாங்க. கட்டில் இருந்தது, அலமாரி இருந்தது. நீ அதுல இல்லை."

"இல்லைதான்" என்றேன்.

"அதுல இல்லாத ஒண்ணைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்ல முடியாது. அது பொய் அளவு ஆயிடும்."

முத்திரை குத்திய காலத்தில் 'ஐயா' என்றவர் இப்போது 'நீ' என்றார். உயரத்தில் இருக்கிறவனை ஒருமையில் கூப்பிடுவது எனக்கும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்படியாக நான் அங்கேயே இருந்தேன். கெர்ட்ரூட் தினமும் ஒரு வேக வைத்த உருளைக்கிழங்கைத் துடைப்பக் குச்சியில் குத்தி மேலே நீட்டுவாள். பரிவு என்று சொல்ல மாட்டேன். என் வயிறு இரைவது ரேடியோ கேட்க இடைஞ்சலாக இருந்தது. பதிலுக்கு நான் கூரை மூலைகளில் ஒட்டடை சேராமல் பார்த்துக்கொண்டேன். என் கயிற்றில் அவள் ஹிம்பெலின் காலுறைகளைக் காயப்போட்டாள்.

ரேடியோ என்னுடையது. யூதர்களிடமிருந்து பறித்ததை எங்கெங்கோ சுற்றவிட்டு, கடைசியில் ஹிம்பெலுக்கே கொடுத்திருந்தார்கள். அதில்தான் ஆபத்து வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹிம்பெல் விருந்து வைத்தார். சீருடை அணிந்த மூன்று பெரிய அதிகாரிகள் வந்தார்கள். என் சாப்பாட்டு மேஜையில் என் நீலப்பூத் தட்டுகளை வைத்து, என் வெள்ளிக் கரண்டியால் சூப்பு பரிமாறினாள் கெர்ட்ரூட். நான் மேலே சுவரோரமாக ஒடுங்கிக் கிடந்தேன். சாப்பிடும்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை என்பது எனக்குத் தைரியம். அப்போது ரேடியோவில் ஒரு வால்ட்ஸ் வந்தது. கல்யாணத்தன்று நானும் செல்மாவும் ஆடியது அதே இசைக்குத்தான். நான் அவள் காலை மிதித்தேன், அவள் சிரித்தாள்.

எனக்கு எடை வந்தது.

முதலில் ஒரு முட்டை அளவு. பிறகு ஒரு கோழி. முதுகு கூரையை விட்டுப் பிரிந்தது. மெதுவாக, ஆனால் நிற்காமல் இறங்கினேன். நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் வழுக்கைத் தலை பெரிதாகிக்கொண்டு வந்தது. கயிறு தொய்ந்து, அதிலிருந்த ஹிம்பெலின் காலுறை அவருடைய சூப்புக் கிண்ணத்துக்கு நேர் மேலே தொங்கியது. ஹிம்பெல் அதைப் பார்த்துவிட்டார். கரண்டியை வாய்க்குப் போகும் வழியிலேயே நிறுத்தினார். யூதனை வீட்டில் வைத்திருந்தால் அவருக்கும் ரயில்தான்.

எதையாவது மனசால் விட்டால்தான் மேலே போக முடியும். என்னிடம் என்ன மிச்சம் என்று அவசர அவசரமாகத் தேடினேன். நீலப்பூத் தட்டுகளை விட்டேன். ஒரு விரற்கடை மேலே போய், மறுபடியும் இறங்கினேன். வெள்ளிக் கரண்டிகளை விட்டேன். ரேடியோவையும் விட்டேன். வால்ட்ஸ் நிற்கவில்லை. காலுறையின் நுனி சூப்பில் பட்டது. இனி செல்மாதான் மிச்சம். அவளை விட்டால் கூரையைப் பிய்த்துக்கொண்டே போயிருப்பேன், அது எனக்குத் தெரியும். விட மாட்டேன் என்று இருந்தேன். மேஜைமேல் விழுந்தாலும் சரி, அவளோடு விழுகிறேன் என்று இருந்தேன். அந்த வழுக்கைத் தலையைத் தொடும் உயரத்தில்தான், இன்னொன்றும் மிச்சம் இருப்பது ஞாபகம் வந்தது.

நான் ஒரு சுமாரான தராசு வியாபாரி என்று எனக்குள் ஒத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு மனதாரச் சொன்னேன். என் தராசுகள் மற்ற எல்லாத் தராசையும் போலத்தான் இருந்தன. கடைப்பலகை வாசகம் படு மட்டம்.

விருட்டென்று மேலே போய்க் கூரையில் தலை மோதினேன். இவ்வளவு எடையை நான் அதில் வைத்திருந்தது எனக்கே தெரியாது. சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது.

"என்ன சத்தம்?" என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

"ஓதம். உட்கூரை உப்பியிருக்கு" என்றாள் கெர்ட்ரூட். காலுறையைச் சூப்பிலிருந்து எடுத்துப் பிழிந்துவிட்டு, அவருக்கு இன்னொரு கரண்டி ஊற்றினாள். அவர் நன்றி சொன்னார்.

போர் முடிந்த நாளில் அமெரிக்கச் சிப்பாய்கள் வந்தார்கள். ஹிம்பெல் வாசலில் நின்று வரவேற்று, என்னைச் சுட்டிக் காட்டினார்.

"நாங்கதான் வச்சுக் காப்பாத்தினோம். கேட்டுப் பாருங்க. லண்டாவர் ஐயா, நீங்களே சொல்லுங்க."

'ஐயா' திரும்பி வந்திருந்தது. உருளைக்கிழங்கு கொடுத்தார்கள் என்று சொன்னேன், அது உண்மை. ஹிம்பெல் தம்பதி என் தட்டுகளை, கரண்டிகளை, ரேடியோவைத் துடைத்து மேஜைமேல் அடுக்கிவிட்டு, நான் இறங்குவேன் என்று கீழே நின்று பார்த்தார்கள். கடையையும் திருப்பித் தருவதாக நகராட்சியில் சொன்னார்கள். குடியுரிமையைக்கூடத் தந்தார்கள். நான் ஒரு மயிரிழை இறங்கவில்லை. ஹிம்பெல்கள் வருத்தத்தோடு வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். நான் கூரையில் கிடந்து, மாடிப்படி கிறீச்சிடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். செல்மாவை எதிர்பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை நேரம் படி கிறீச்சிட்டது. ஒவ்வொரு படியாக, எனக்குத் தெரிந்த அதே கிறீச். கதவு திறந்தது. ரயில்வே சரக்குப் பிரிவு ஆட்கள் நான்கு பேர் உள்ளே வந்தார்கள். வெறுங்கையை ஏந்திப் பிடித்தபடி, வியர்த்து வழிந்து, ஒருவருக்கொருவர் "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

"லண்டாவர் வீடுதானே? உங்க வீட்டம்மாவோட எடை வந்திருக்கு" என்றார் மூத்தவர். "எங்க வைக்கட்டும்?"

"ஆள்?" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். "எடை மட்டும்தான் ஐயா. ஆள் வராது."

கயிற்றைப் பிடித்து என்னைக் கீழே இழுக்கச் சொன்னேன். இழுத்து நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பேரும் பிடித்து அதை என் மடியில் இறக்கினார்கள். நாற்காலி முறிந்தது. நான் தரையில் உட்கார்ந்தேன். தராசு வேண்டியிருக்கவில்லை, கையாலேயே நிறுத்துப் பார்த்தேன். ஒரு குன்றிமணி குறையவில்லை. அவள்தான். அப்போதுதான் அழுதேன். அவர்கள் ஓரமாக நின்று, நான் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு முறிந்த நாற்காலியைக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது நான் அவளுடைய எடையோடுதான் நடக்கிறேன். ஓபர்வால்டின் தெருக்கள் அதைத் தாங்கவில்லை. கால் வைத்த இடத்தில் நடைபாதைக் கல் அரை சாண் உள்ளே போய்விடுகிறது. நகராட்சியில் கூட்டம் போட்டுப் பேசி, வென்ட்லர் என்ற கொத்தனாரை எனக்குப் பின்னால் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் வாளியும் கரணையுமாக வந்து, ஒவ்வொரு குழியையும் உடனுக்குடன் பூசிச் சமன் செய்கிறார். எதிரே வருகிறவர்கள் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, காயாத இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.

"பூசினதெல்லாம் மறுநாள் காலைல திரும்ப உள்ள இறங்கியிருக்கு ஐயா" என்றார் வென்ட்லர் நேற்று.

"அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

"உங்களைச் சொல்லலை. நாளைக்கு எந்தப் பக்கம் போறீங்க?"

"ரயில் நிலையம் வரைக்கும்."

அவர் வாளியைக் கீழே வைத்துக் கொஞ்சம் யோசித்தார். அப்படியானால் தன் மகனையும் வேலைக்குச் சேர்த்துவிடுவதாகவும், அவனுக்குப் பிறகு அவன் பிள்ளை இருப்பதாகவும் சொன்னார். நல்லது என்றேன்.